எருமைகளுக்கு இரண்டு நிமிட மௌனம்

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று, அரிசி கொண்டுபோகத் தடை என்பதால் சொந்த வயலின் அரிசியையே பொலிசுக்கு ஒளித்துக் கொண்டுபோய் நாடு காலம் தள்ளிய நாட்களில், அரசாங்கத்துக்குத் திடீரென்று எருமைகள் மீது அன்பு பிறந்தது. மனிதர் மீது பிறக்கவேண்டிய அன்புதான் வழிதவறி அந்தப் பக்கம் போய்விட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மனிதரைக் காப்பாற்றக் காசு தருவதற்கு அப்போது எந்த வெளிநாடும் முன்வரவில்லை. காட்டெருமையைக் காப்பாற்றத் தருவதற்கு ஒரு நாடு இருந்தது. ஆகவே ஆற்றுப்படுகை இயற்கைப் பேணல் திணைக்களம் என்று ஒன்று உண்டாயிற்று. அதற்கு ஒரு பணிப்பாளர், பணிப்பாளருக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு சாரதி, சாரதிக்கு ஓர் உதவியாள் என்று எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. காட்டெருமை மட்டும் வந்து சேரவில்லை.

அதைத் தேடித்தான் அவர்கள் கிண்ணியாப் பக்கம் வந்தார்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுவதற்கு முன் கையையும் காலையும் விரித்துப் படுக்கிற இடத்தில் வில்லுகள் இருக்கின்றன. வில்லு என்றால் வேறொன்றும் இல்லை, மாரியில் குளமாகவும் கோடையில் புல்வெளியாகவும் கிடக்கிற ஆற்றோரப் பள்ளம். ஊரில் புல் காய்ந்ததும் கிண்ணியாப் பட்டிக்காரர்கள் தங்கள் எருமைகளை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். மழை இருட்டுவதற்கு முன் திருப்பி ஓட்டிவந்து மேட்டில் அடைப்பார்கள். ஆறு பெருகி எப்போது வில்லுக்குள் இறங்கும் என்பது எருமைக்கும் தெரியும்.

அந்தப் பட்டிக்காரர்களில் ஒருவர் அபூதாஹிர். சாதுவான மனிதர். கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்துக்குப் போனால் கதிரை தரமாட்டார்கள் என்று தெரிந்து, போகும்போதே நிற்பதற்கு ஆயத்தமாகப் போகிறவர். அவருக்கு ஒரே மகள், றம்லா. மகள் பிறந்த அன்றே ஒரு கிடாரியை அவள் பேரில் ஒதுக்கிவிட்டு, அதன் கன்றும் கன்றின் கன்றுமாகப் பெருகிய பட்டியைத்தான் சீதனமாகப் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளை வாத்தியார். மாப்பிள்ளையின் வாப்பா முஹம்மது தம்பி கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து பென்ஷன் எடுத்தவர். வானம் கறுத்தால்கூட அதை யாராவது கையெழுத்துப் போட்டு அறிவிக்கும்வரை குடை எடுக்காதவர். எருமை இல்லையென்றால் கலியாணம் இல்லை என்பதை அவர் மிக மரியாதையான சொற்களில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

திணைக்களத்தார் நில அளவைச் சங்கிலியோடு அவருடைய பட்டி மேய்கிற வில்லுக்கு வந்த அன்று அபூதாஹிர் அங்கேதான் நின்றார். வாய்க்கால் வெட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்துபோனார். இளநீர் வெட்டிக் கொடுத்தார், சட்டித் தயிரும் கொடுத்தார், சேறில்லாத இடம் பார்த்து முளை அடிக்கவும் கூடமாட நின்று உதவினார். தன் தலையில் தானே முளையடிக்கிறோம் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? தயிரை வழித்து முடித்த அதிகாரி ஒருவர், வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்த எருமையெல்லாம் ஆருடையது?" என்று கேட்டார்.

இங்கேதான் பிசகிற்று. கிண்ணியாப் பட்டிக்காரன் எவனும் தன் மாட்டைத் தன்னது என்று வெளியாளிடம் சொல்லமாட்டான். எத்தனை என்றும் சொல்லமாட்டான். சொன்னால் கண்ணூறு பட்டுப் பால் வற்றிவிடும் என்பது அவன் வாப்பாவுக்கு வாப்பா காலத்து நம்பிக்கை. அதிலும் அந்த அதிகாரியின் கண் தயிர்ச் சட்டியைப் பார்த்த விதத்தை அபூதாஹிர் கவனித்திருந்தார். ஆகவே வானத்தைக் காட்டிச் சொன்னார்: "எல்லாம் அல்லாஹ்ட மாடு ஐயா."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். உரிமையாளர் எவரும் இல்லை என்று எழுதினார். உரிமையாளர் இல்லாத எருமை காட்டெருமை. காட்டெருமை நிற்கிற இடம் தேசியப் பூங்கா. வெளிநாடு காசு அனுப்பிற்று. வில்லைச் சுற்றிக் கம்பி வேலி எழும்பியது.

புரட்டாதி பிறந்து, வழக்கம்போலப் பட்டியைப் பார்க்கப் போன அபூதாஹிரை வேலியின் வாசற் படலையில் மறித்தவன் தங்கத்துரை. சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பொடியன். எம்.பி. எழுதிக் கொடுத்த துண்டுக் கடிதத்தைக் காட்டிக் காவலாளர் உத்தியோகம் பெற்றவன். காக்கிச் சட்டை இன்னும் மடிப்புக் குலையவில்லை. முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுவான்.

"உள்ளுக்கு விட ஏலாது காக்கா. இது இப்ப தேசியப் பூங்கா."

"என்ட மாடு உள்ளுக்கு நிக்கிது தம்பி."

"மாடு நிக்கலாம். அது வனவிலங்கு. நீங்கள்தான் நிக்கக்கூடாது."

"அப்ப நான் என்னத்தச் செய்ற?"

தங்கத்துரைக்கும் பாவமாகத்தான் இருந்தது. "பார்வையாளரா வாங்கோ காக்கா. சனிக்கிழமையில விடுவம். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரவேணும். சத்தம் போடக்கூடாது, மிருகத்துக்குச் சாப்பாடு குடுக்கக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாதாம்."

பக்கத்து வீட்டில் சப்பாத்து இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை அபூதாஹிர் தன் எருமைகளைப் பார்வையிடப் போனார். சப்பாத்து இரண்டு அளவு பெரிது. நகரத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் சிலரும் துறைமுகத்து உத்தியோகத்தர் ஒருவரின் குடும்பமும் நின்றார்கள். முதல் பார்வையாளர்கள் என்பதால் பணிப்பாளர் கனகசுந்தரம் தானே வழிகாட்ட வந்திருந்தார். பணிப்பாளருக்கு எருமை தெரியாது, ஆனால் எருமையைப் பற்றிப் பேசத் தெரியும். உத்தியோகத்துக்கு அது போதும்.

"பெரியோர்களே, மனிதனின் கை படாத தூய காட்டெருமை இனத்தை நீங்கள் இப்போது காணப்போகிறீர்கள்," என்றார் பணிப்பாளர். "மனிதவாடை பட்டாலே இவை காட்டுக்குள் ஓடி மறைந்துவிடும். ஆகவே ஒன்றையும் காணாவிட்டால் அதைத் திணைக்களத்தின் வெற்றியாகக் கொள்ளவேண்டும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சேற்றைக் கிழித்துக்கொண்டு கன்று பின்தொடர ஓர் எருமை ஓட்டமாய் ஓடி வந்தது. கொம்பொன்று குட்டையானபடியால் அபூதாஹிர் அதைக் கட்டைக்கொம்பி என்பார். பட்டிக்கு முன்னோடி அதுதான். வந்த வேகத்தில் அவருடைய கக்கத்துக்குள் மூஞ்சியை நுழைத்து உறுமிற்று. அபூதாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் சொல்லக்கூடாது என்பது நினைவுக்கு வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஒருவரும் அசையவேண்டாம்!" என்று ஜீப்புக்குள் ஏறி நின்று கத்தினார் பணிப்பாளர். "முட்டுவதற்கு முன் மணந்து பார்க்கிறது. கொடூரமான மிருகம்."

கொடூரமான மிருகம் பின்காலை அகட்டிப் பால் கறக்க வாகாக நின்றது. அதன் தொடையில் ஒரு பிறையும் கோடும் தெளிவாகத் தெரிந்தன. ஓர் ஆசிரியர் அதைக் காட்டிக் கேட்டார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் பணிப்பாளர். "இந்த இனத்துக்கு மட்டும் இயற்கை பொறித்த அடையாளம். உலகில் வேறெங்கும் கிடையாது."

"எல்லா எருமைக்கும் அதே இடத்திலயா சேர்?"

"அதைத்தான் இனத்தூய்மை என்கிறோம்."

அபூதாஹிரால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அது நான் சுட்ட குறி."

பணிப்பாளர் முதல் தடவையாக அவரைப் பார்த்தார். "வனவிலங்குக்குச் சூடு வைப்பது மறியல் வீட்டுக்குள் தள்ளுகிற குற்றம். வைத்ததாக ஒத்துக்கொள்கிறீர்களா?"

அபூதாஹிர் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஒத்துக்கொள்ளவில்லை. நல்லது. அப்போ அது இயற்கைதான்," என்று மற்றவர்களிடம் திரும்பினார் பணிப்பாளர். கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். அன்று கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர்கள் அதைக் குறிப்பெடுத்தும் கொண்டார்கள்.

ஐப்பசியில் மேற்கே மின்னத் தொடங்கிற்று. அபூதாஹிருக்குச் சோறு இறங்கவில்லை. றுக்கியா, அவருடைய மனைவி, மகளின் கலியாணத்துக்குக் கோடிச் சேலையைக்கூட எடுக்காமல் மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். "அங்க போய்க் கேளுங்க. வாய் இருக்குதானே. புள்ளட வாழ்க்கை அந்த வேலிக்குள்ள நிக்கிது," என்றாள். அவர் மீண்டும் இரவல் சப்பாத்தோடு போனார்.

காரியாலயத்தை வில்லின் நடுப் பள்ளத்தில் கட்டியிருந்தார்கள். ஜன்னலால் பார்த்தால் நாலு பக்கமும் அழகாகத் தெரியும் என்பதுதான் காரணம். உள்ளே பணிப்பாளர் சுழல் கதிரையில் இருந்தார். அபூதாஹிர் நிற்பதற்கு இடம் இருந்தது.

"ஐயா, மழை இருட்டிக்கொண்டு வருகுது. ஆறு எறங்கினா மாடெல்லாம் தண்ணிக்குள்ள தாண்டு போகும். கதவைத் திறந்துவிடுங்க, நான் மேட்டுக்குக் கொண்டு போறன். மழை விட்டாப்புறகு திருப்பிக் கொண்டுவந்து விடுறன். அல்லாஹ் மேல ஆணை."

பணிப்பாளர் சிரித்தார். "வெள்ளச் சமவெளி என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் நாங்கள். எங்களுக்கே வெள்ளத்தைப் பற்றிப் படிப்பிக்க வந்திருக்கிறீர்கள். இங்கே எல்லாம் திட்டப்படிதான் நடக்கும். முதற் கட்டம் வேலி. இரண்டாம் கட்டம் காரியாலயம். மூன்றாம் கட்டத்தில்தான் வெள்ளம் வருகிறது. இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கியதே இன்னும் செலவழிந்து முடியவில்லை. அதற்கிடையில் மூன்றாம் கட்டத்துக்கு எப்படிப் போவது? நீங்களே சொல்லுங்கள்."

"ஆத்துக்கு இதெல்லாம் தெரியுமா ஐயா?"

"அறிவித்திருக்கிறோம்," என்றார் பணிப்பாளர். ஆற்றுக்குத்தான் அறிவித்தார்களா, நீர்ப்பாசனக் காரியாலயத்துக்கா என்பதை விளக்கவில்லை. "அதுபோக, எருமைகளை உங்களிடம் தரச் சொல்லி எந்த முகத்தோடு கேட்கிறீர்கள்? அவை அல்லாஹ்வின் மாடு என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள். உரிமையாளர் நேரில் வந்து விண்ணப்பித்தால் பரிசீலிப்போம்."

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று காதைப் பொத்திக்கொண்டார் அபூதாஹிர். அழுதும் பார்த்தார். எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி இருந்தார் பணிப்பாளர். உண்மையில் அந்த உவமை எருமைக்குச் செய்யும் அநியாயம். எருமை மழை வந்தால் மேட்டுக்குப் போகும்.

மேகம் இறங்கிய அன்றே பணிப்பாளர் ஜீப்பில் ஏறிக் கொழும்புக்குப் போனார். படலைப் பூட்டின் திறப்பும் அவருடைய பையில் போயிற்று. அடுத்தடுத்து மழை. ஆறு மண்ணிறமாகி, கரையைத் தின்று, வில்லுக்குள் இறங்கிற்று. திட்டத்தின் மூன்றாம் கட்டம் முன்னறிவித்தல் இல்லாமல் தொடங்கிவிட்டது.

அபூதாஹிர் தோணியில் வலித்துப் போய் வேலிக்கு வெளியே இருந்த மண்மேட்டில் ஏறினார். சப்பாத்து இல்லை. மழை முகத்தில் அடித்தது. வேலிக் கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாய் எருமைத் தலைகள். அவர் வாயில் கை குவித்துக் கூப்பிடத் தொடங்கினார். பட்டிக்காரர் அந்தியில் மாடு திருப்புவதற்கு வைக்கிற நீண்ட குரல் அது. பேர் சொல்லிக் கூப்பிட்டார், திட்டிக் கூப்பிட்டார், கெஞ்சிக் கூப்பிட்டார். காலையிலிருந்து பின்நேரம்வரை கூப்பிட்டுத் தொண்டை கிழிந்துபோயிற்று. ஒவ்வொன்றாக வேலிக்கு மேலால் நீந்தி வந்தன. அவ்வளவு செலவில் கட்டிய கம்பி வேலி அவற்றின் காலுக்குக் கீழே எங்கேயோ கிடந்தது.

ஓர் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே காவலுக்கு நின்ற தங்கத்துரையும் வந்து சேர்ந்தான். கரையேறியதும் சேற்றில் விழுந்து கும்பிட்டான், மேட்டையா எருமையையா என்று தெரியவில்லை. கட்டைக்கொம்பி கடைசியாக வந்தது. பின்னால் கன்று இல்லை. இன்னும் பல தாய்களுக்குப் பின்னால் கன்றுகள் இல்லை. ஈன்று சில மாதம்கூட ஆகாத கன்றுகள் அவ்வளவு தண்ணீரை எப்படிக் கடக்கும்? கட்டைக்கொம்பி வெள்ளத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. அபூதாஹிர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனவனை அன்றுதான் தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சபித்தார்.

பட்டியைக் கிண்ணியாவுக்கு ஓட்டிவந்து வீட்டு வளவில் அடைத்தார். நாலைந்து நாள் கழித்து வானொலிச் செய்தியில், வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவின் அரிய காட்டெருமைகள் முழுவதும் வெள்ளத்தில் அழிந்துவிட்டன என்றும், அவற்றைக் காப்பாற்ற ஆற்றுப்படுகை இயற்கைப் பேணல் திணைக்களம் கடைசிவரை போராடியது என்றும் வாசித்தார்கள். பூங்காவில் எருமை இல்லை என்றால் ஏன் இல்லை என்று வெளிநாடு கேட்கும். ஓடிப்போய்விட்டன என்றால் வேலி எதற்கு என்று கேட்கும். செத்துப்போயின என்றால் ஒன்றும் கேட்காது, அனுதாபம் சொல்லும். அது சொல்லவும் செய்தது, காசும் அனுப்பிற்று. கனகசுந்தரம் பணிப்பாளர் நாயகமாக உயர்த்தப்பட்டார்.

செய்தி கேட்ட மறுநாள் முஹம்மது தம்பி குடையோடு வந்தார்.

"இன்னாலில்லாஹி," என்று தொடங்கினார். "என்ன செய்ற சம்மந்தி. சீதனம் முழுக்க மௌத்தாப் போச்சே."

"மௌத்தா? கண்டுகள் கொஞ்சம் போனதுதான் மெய். மத்ததெல்லாம் இந்தா நிக்கிதே சம்மந்தி." அபூதாஹிர் வளவைக் காட்டினார். வளவு முழுக்க எருமை. நடுவில் நின்ற முஹம்மது தம்பியின் சப்பாத்து சாணத்தில் புதைந்திருந்தது. ஓர் எருமை அவருடைய குடைத்துணியைச் சப்பிப் பார்த்தது.

"நிக்கிது. நான் இல்லை எண்டு செல்லல்ல," என்றார் முஹம்மது தம்பி, குடையை இழுத்துக்கொண்டு. "ஆனா அரசாங்கம் மௌத்தெண்டு சென்ன மாட்டை நான் எப்பிடிச் சீதனத்துல சேக்கிற? நாளைக்கு ஒரு கேள்வி வந்தா? அரசாங்கத்தைக் கொண்டே உசிரோட இரிக்கி எண்டு செல்லவைங்க, கலியாணத்தை வைப்பம்."

அவர் படலை தாண்டும் முன்பே குசினிக்குள்ளிருந்து றுக்கியாவின் குரல் வந்தது. "கண்ணுக்கு முன்னால மூச்சு விட்டுக்கொண்டு நிக்கிற மாட்டை மௌத்தெண்டு செல்ற மனிசன்ட ஊட்டுக்கா என்ட புள்ளயக் குடுக்கப் போறம்? நாளைக்கு அவளையும் மௌத்தெண்டு எழுதிப்போடுவான்!" றம்லாவுக்கு வாத்தியாரைப் பிடித்திருந்தது. தலையணையுறையில் போட்ட பூவைப் பிரித்துத் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாசியில் தண்ணீர் வடிந்ததும் கிண்ணியா றோட்டோரத்தில் மறைந்த எருமைகளுக்கு ஒரு நினைவுத் தூணும் அனுதாபக் கூட்டமும் வைத்தார்கள். அனுதாபக் காசு முழுவதையும் தூண் விழுங்கியதாகக் கணக்கு. ஆனால் அது ஓர் ஆள் உயரம்கூட இல்லை. வரவேற்புரை முஹம்மது தம்பி. முன் வரிசையில் அபூதாஹிருக்கு முதல் தடவையாகக் கதிரை கிடைத்தது. அரசாங்கத்திடமிருந்து கதிரை பெற ஒரு மனிதன் தன் மாட்டின் சாவு வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

பணிப்பாளர் நாயகம் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "அந்த எருமைகள் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஏன்? அவற்றுக்குத் திணைக்களத்தின் மீது நம்பிக்கை இருந்தது. நாங்கள் வருவோம் என்று கடைசி மூச்சுவரை காத்திருந்தன. நாங்களும் வரத்தான் இருந்தோம். பிரயாணப் படிக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்த இழப்பிலிருந்து நாங்கள் ஒரு பாடம் படித்திருக்கிறோம். இனி வரும் விலங்குகள் நீந்தத் தெரிந்தவையாக இருக்கவேண்டும். அன்பர்களே, இரண்டு நிமிடம் எழுந்து மௌனம் காப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். அபூதாஹிரும் எழுந்தார். மௌனத்தின் நடுவில் றோட்டுக்கு அந்தப் பக்கத்து வளவிலிருந்து ஓர் எருமை நீளமாய்க் கத்திற்று. அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு முழுப் பட்டியும். எவரும் திரும்பவில்லை. பணிப்பாளர் நாயகம் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். மௌனம் இரண்டு நிமிடமும் குறைவில்லாமல் காக்கப்பட்டது.

கூட்டம் கலைந்ததும் அபூதாஹிர் ஜீப்படிக்கு ஓடினார். "ஐயா, ஒரே ஒரு உதவி. என்ட மாடெல்லாம் உசிரோட இரிக்கி எண்டு ஒரு சொல்லுச் சென்னாப் போதும். மகள்ட கலியாணம் நிக்கிது."

பணிப்பாளர் நாயகம் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார். "நன்றாக யோசித்துப் பாருங்கள். உங்கள் வளவில் நிற்பது பூங்காவின் எருமை என்றால் நீங்கள் வனவிலங்குக் கள்ளன். பூங்காவின் எருமை இல்லை என்றால் பூங்காவில் எருமையே இருந்ததில்லை. அப்போ நான் கள்ளன். இரண்டு குடும்பத்துக்கும் மானக்கேடு. செத்துப்போய்விட்டன என்று வையுங்கள், நீங்களும் நல்ல மனிதர், நானும் நல்ல மனிதன். உயிரோடு இருந்து எந்த எருமை இந்த நாட்டில் என்ன கண்டது?"

ஜீப் போய்விட்டது. அபூதாஹிர் றோட்டில் நின்றார். கன்றையும் கொன்று, தாயையும் செத்ததாகச் சொல்லி, மகளின் கழுத்தையும் வெறுங்கழுத்தாக்கிவிட்டுப் போகிறான். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

கோடை வந்தது. ஊரில் புல் காய்ந்து தரை வெடித்தது. எருமைகள் ஒரு நாள் தாமாகவே வளவைத் தள்ளிக்கொண்டு வில்லுப் பாதையில் இறங்கின. மறிக்க ஓடிய அபூதாஹிர், மறியல் வீட்டை நினைத்து நடுங்கிக்கொண்டு பின்னால் போனார். பூங்காப் படலையில் தங்கத்துரை நின்றான். எருமைகளைப் பார்த்தான், அபூதாஹிரைப் பார்த்தான், படலையை விரியத் திறந்துவிட்டான்.

"தம்பி, மாடு உள்ளுக்குப் போகுதே."

"என்ன மாடு காக்கா?"

"இந்த மாடு."

"இஞ்ச ஒரு மாடும் இல்லை. எல்லாம் செத்துப்போச்சு எண்டு மேலிடத்து உத்தரவு வந்திருக்கு. பூங்காக்குள்ள எருமை கண்டதெண்டு ஆரும் சொன்னால் வேலை போகுமாம். எனக்கு வேலை வேணும் காக்கா." கட்டைக்கொம்பி அவனை உரசிக்கொண்டு போயிற்று. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். "அவைக்கு நான் உயிர்க்கடன் பட்டவன். என்னால செய்ய ஏலுமானது காணாமல் இருக்கிறதுதான்."

அந்த விஷயம் முஹம்மது தம்பியின் காதுக்கு எட்டியது. நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை தானே பார்வையாளராக வந்தார். அன்று பார்த்து, காசு அனுப்பிய நாட்டிலிருந்து எருமை நிபுணர் ஒருவர் வந்திருந்தார். நெட்டையான வெள்ளைக்கார மனிதர், கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. பணிப்பாளர் நாயகம் பக்கத்தில் நின்று, எருமை இல்லாத வெறுமையின் அழகை விளக்கிக்கொண்டிருந்தார். முன்னால் வில்லு நிறையப் பட்டி மேய்ந்துகொண்டிருந்தது.

நிபுணர் கண்ணாடியை இறக்கி விரலால் காட்டி ஏதோ இங்கிலீசில் கேட்டார். அங்கே கறுப்பாக நிற்பது என்ன என்று கேட்டதாக முஹம்மது தம்பிக்கு விளங்கிற்று.

பணிப்பாளர் நாயகம் அந்தத் திசையில் நெடுநேரம் பார்த்தார். எருமைகளும் அசைபோட்டபடி அவரைப் பார்த்தன.

"எங்கே?" என்றார் கடைசியில். "ஒன்றும் இல்லையே. வெய்யில் கடுமை. வாருங்கள், நிழலுக்குப் போவோம்."

நிபுணரும் மரியாதையான மனிதர். செத்த எருமைகளுக்கு அனுதாபக் காசு வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

முஹம்மது தம்பி அன்று பின்நேரமே அபூதாஹிர் வீட்டுக்கு வந்தார். அவருடைய முகத்தில் இப்படி ஒரு ஒளியை அபூதாஹிர் முன்பு கண்டதில்லை. கச்சேரியில் எத்தனையோ வருஷம் இருந்த மூளை உச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

"சம்மந்தி, யோசிச்சுப் பாருங்க. உசிரோட இரிக்கிற மாட்டுக்கு வேலி இரிக்கி, காவல் இரிக்கி, அனுமதி இரிக்கி. மௌத்தான மாட்டை ஆரும் மறிக்க ஏலாது. அரசாங்கத்துட முழுப் புல்லும் அதுகளுக்குத்தான். இப்பிடி ஒரு சீதனம் இந்த மாகாணத்துல ஆருக்குக் கிடைக்கும்? வாற வெள்ளிக்கிழமை நிக்காஹ்வை வைப்பம். ஒண்டுதான் சம்மந்தி, எக்காரணம் கொண்டும் அதுகளை உசிராக்கிப் போடாதீங்க."

றுக்கியா வாயில் கையை வைத்தாள். மனிதனைக் கேவலமாகத்தான் நினைத்தாள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள்.

கலியாணம் நடந்தது. கச்சேரிப் பழக்கத்தை விடாத முஹம்மது தம்பி பணிப்பாளர் நாயகத்தையும் அழைத்திருந்தார். சனமெல்லாம் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட, அவருக்கு மட்டும் கதிரையும் மேசையும் போட்டார்கள். புரியாணிக்குப் பிறகு சட்டித் தயிரும் அதன்மேல் ஊற்ற இனிப்பான கித்துள் பாணியும் வைத்தார்கள். கரண்டி நட்டால் சாயாத தயிர். ஒரு வாய் வைத்ததும் பணிப்பாளர் நாயகத்தின் கண்கள் மூடின.

"கொழும்பில் இப்படி ஒரு தயிரை நான் கண்டதில்லை," என்றார். "எந்த எருமையின் பால் இது?"

பக்கத்தில் நின்ற அபூதாஹிருக்குக் கட்டைக்கொம்பி மேட்டில் நின்று கத்திய கத்து நெஞ்சுக்குள் ஏறிற்று. அவருக்கு இப்போது பயம் இல்லை.

"மௌத்தான எருமையிட பால் ஐயா. நீங்கதான் கூட்டம் வச்சு அழுதீங்களே, அதுகள்ட."

கரண்டி பாதி வழியில் நின்றது. பணிப்பாளர் நாயகம் அபூதாஹிரைப் பார்த்தார், முஹம்மது தம்பியைப் பார்த்தார், தயிரைப் பார்த்தார். பிறகு கரண்டியை வாய்க்குள் வைத்தார். சட்டியை அடிவரை வழித்து முடித்துவிட்டு, கொழும்புக்குக் கொண்டுபோக இன்னும் இரண்டு சட்டி ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.